எந்த வளைவுல ஏறுது?

"உங்களுக்கென்ன, பாரம் இறக்கத்துலதான். ஏறும்போது வண்டி காலியாத்தானே வரும்?" என்று போன மாசம் தோட்டத்துக்கு வந்திருந்த கோயம்புத்தூர் நண்பர் கேட்டார். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். பாச்சலூரில் விளையுற சௌசௌ, பீன்ஸ், மலைவாழை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் கீழேதான் போகுது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிட்டா வண்டி காலி. ஆனா காலி வண்டியை எவன் மேலே ஓட்டிட்டு வருவான்? டீசலுக்குக் கட்டுமா? வரும்போது ஆட்டு எரு வரும், உர மூட்டை வரும், சிமெண்ட் வரும், சௌசௌ பந்தலுக்குக் கல்லுக்கால் வரும். பக்கத்து வீட்டு ரேஷன் மூட்டையும் இன்னொருத்தர் வாங்கின பீரோவும்கூட வரும். அதனால மலைக்காரன் வண்டிக்கு உண்மையான சோதனை திரும்பி வர்ற ஏற்றத்தில்தான்.

என்கிட்ட இருக்கிறது 2007 மாடல் பிக்கப். ரெண்டரை லிட்டர் டீசல். கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல ஒரு குறையும் இல்லை. சமவெளிக்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து பழசா வாங்கி, நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிச்சு. அதுக்கப்புறம்தான் ஏற்றத்தில் சூடேற ஆரம்பிச்சது. முதலில் முள் பாதியைத் தாண்டி ஒரு விரல்கடை நிற்கும். ரெண்டு மாசத்துல சிவப்புக் கோடு வரைக்கும் போச்சு. அப்புறம் ஒருநாள் பானெட் இடுக்கு வழியா ஆவி வந்தது.

இன்ஜின் சூடாகுதுன்னு சொல்லிப் பாருங்க, ஊர்ல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. மாட்டுக்கு வயிறு உப்பினாக்கூட இத்தனை யோசனை வராது. ரேடியேட்டர மாத்து என்பார் ஒருத்தர். கூலன்ட் பச்சைல ஊத்தாத, சிவப்புல ஊத்து என்பார் இன்னொருத்தர். பட்டறையில் காட்டினால் முதல் காரியமா தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி மூலையில் போட்டுட்டு, "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்குண்ணே" என்பாங்க.

அந்த வால்வு எதுக்குன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். இன்ஜினுக்குச் சூடு ஆகாதுன்னு நாம நினைக்கிறோம். சூடு இல்லாமலும் அதுக்கு ஆகாது. காலையில் குளிர்ந்து கிடக்கிற இன்ஜின்ல தண்ணி உடனே ரேடியேட்டருக்குப் போய்ச் சுத்தினா, சூடு பிடிக்கவே நேரமாகும். அதுவரைக்கும் டீசல் சரியா எரியாது, பிஸ்டன் தேயும், வெள்ளைப் புகை தள்ளும். அதனாலதான் தண்ணி 82 டிகிரி பக்கம் வர்ற வரைக்கும் அந்த வால்வு ரேடியேட்டர் வழியை மூடி வைக்குது. அதுக்குள்ள இருக்கிற மெழுகு சூட்டில் உருகி விரிஞ்சு வால்வைத் திறக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். மார்கழிக் காலையில் பாச்சலூரில் இருந்து கீழே இறங்குறவனுக்கு அது கட்டாயம் வேணும். இன்னொண்ணும் இருக்கு. சில இன்ஜின்ல இந்த வால்வு ஒரு பக்கம் திறக்கும்போதே மறுபக்கம் குறுக்கு வழியை அடைக்கும். அதில் வால்வைக் கழட்டிட்டா, சுடுதண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளேயே சுத்தி வரும். சூட்டைக் குறைக்கப் போய் கூட்டின கதை.

நான் கழட்ட விடலை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பாத்திரத்தில் தண்ணி வச்சு, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பத்த வச்சேன். "சோறு வடிக்கிற பாத்திரத்துல இரும்பப் போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது"ன்னு ஒரு குரல். அது தனிக் கதை. தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே வால்வு அழகா வாயைத் திறந்தது. இறக்கி வச்சு ஆறினதும் மூடிக்கிச்சு. ஆக, அது குற்றவாளி இல்லை.

இதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போதுதான் அந்தச் சாயங்காலம் வந்தது.

எங்க ஊர்ல வண்டி வச்சிருக்கிறவன் தனக்காக மட்டும் வச்சிருக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்காவோட மகளுக்கு ஒட்டன்சத்திரத்துல பிரசவம். அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் சௌசௌ இறக்கிட்டு, எரு மூட்டை ஏத்திக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். முன்சீட்டில் புள்ளத்தாச்சியும் மடியில் குழந்தையோட அக்காவும். மாப்பிள்ளை பைக்கில் பின்னாடி. பொழுது சாயுற நேரம். வடகாடு தாண்டிக் காட்டுக்குள்ள ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். ஆவி புஸ்ஸுன்னு கிளம்புது. குழந்தை தூங்குது.

அந்த ரோடு யானை நடமாடுற ரோடு. அந்தி சாஞ்சா பைக்காரங்களே ரெண்டு மூணு பேராச் சேர்ந்துதான் ஏறுவாங்க. எதிரில் இறங்கி வந்த ஒரு ஜீப்காரர், "மேல வளைவுல இப்பத்தான் ரெண்டு நின்னுச்சு, சத்தம் போடாம இருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. தெரிஞ்சு அதைத் திறக்கிறவன் முகத்தைப் பணயம் வைக்கிறான். ஆறட்டும்னு காத்திருக்கிறதைத் தவிர வேற வழியில்லை. முக்கால் மணி நேரம் இருந்தோம். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசலை. முந்தானையால் குழந்தை காதை மூடிக்கிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. யானை வரலை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்தி, நின்னு நின்னு வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த மாசம் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கீழே போகணும். அவங்க வேற ஜீப்புக்குச் சொல்லியிருந்தாங்க. என்கிட்ட கேட்கவே இல்லை. யாரும் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. வாசலில் பார்த்தா "சாப்டியா தம்பி"ன்னு அதே மாதிரிதான் கேட்டாங்க. ஆனா வண்டியைக் கேட்கலை.

சமவெளிப் பட்டறைக்காரர் அதுக்குள்ள தீர்ப்பே எழுதிட்டார். ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டை இறக்கி மட்டம் பார்க்கணும், 28,000 ஆகும்னு சொன்னார். அந்தச் சீசனில் பீன்ஸ் விலை போன போக்குக்கு, 28,000 என்கிறது எனக்கு ரெண்டு மாச ஓட்டம். "வித்துட்டு வேற பாருங்க மாமா"ன்னு என் அக்கா மகன் சொன்னான். அவனுக்குப் புது வண்டி மேல ஒரு கண்ணு.

எங்க ஊர்ல ஒரு பெரியவர் இருக்கார். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். எல்லாருக்கும் லாரி மாமா. இப்ப ரெண்டு கறவை மாடு, கொஞ்சம் காப்பித் தோட்டம். அவர்கிட்ட போய், இன்ஜின் சூடாகுதுன்னு சொன்னேன். பானெட்டைத் திறக்கச் சொல்லலை, எந்தச் சாமான மாத்தினன்னு கேட்கலை. கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"எந்த வளைவுல மாப்ள ஏறுது?"

"எல்லா ஏத்தத்துலயுந்தான்."

"அப்படிச் சொன்னா எப்படி? டாக்டர்கிட்ட போனா காய்ச்சல் காலையில வருதா ராத்திரி வருதான்னு கேக்குறாரா இல்லையா? போயி எழுதிட்டு வா."

அப்படித்தான் டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்து சேர்ந்தது. அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்துக்கிட்டு எழுதுவான். புளியமரம், மூணாவது கியர், முள் பாதி. சின்னப் பாலம், ரெண்டாவது கியர், முள் பாதிக்கு மேல். அணைக்கட்டுப் பக்கம், ரெண்டாவது, முக்கால். இப்படி மூணு நடை. அவன் ஆன்லைனில் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒண்ணும் வாங்கியிருந்தான். கொரோனா காலத்தில் நெத்தியில காட்டினாங்களே அது மாதிரிதான், ஆனா இது நூறு டிகிரிக்கு மேலயும் காட்டும். முள் பொய் சொல்லுதான்னு பார்க்க அது உதவுச்சு. பொய் சொல்லலை. நிறுத்தி, மேல் ஓஸ் மாட்டியிருக்கிற இரும்பு வாயில் காட்டினா, முள் ஏறும்போது அதுவும் ஏறித்தான் இருந்தது.

முள்ளைப் பத்தி ஒரு எச்சரிக்கை. சூடு ஏறிக்கிட்டே போய், திடீர்னு முள் படுத்துடுச்சுன்னா, அப்பாடா ஆறிடுச்சுன்னு ஓட்டாதீங்க. தண்ணி வெளியே போய், சென்சார் நனையாம காத்துல நின்னாலும் முள் இறங்கும். அப்ப உள்ளே இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும்.

நோட்டைப் பார்த்து லாரி மாமா சொன்ன கணக்கை, நான் அப்புறம் படிச்சதையும் சேர்த்து எழுதுறேன். டீசல்ல இருக்கிற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் வண்டியை இழுக்குது. இன்னொரு பங்கு புகையோட வெளியே போயிடும். மீதி ஒரு பங்கு சூடா இன்ஜின் உடம்புல தங்கும். அதைத் தூக்கிட்டுப் போய் ரேடியேட்டர்ல கொட்டுறதுதான் தண்ணியோட வேலை. அதனால சூடு எப்ப ஏறுதுங்கிறதை வச்சே பாதி நோயைச் சொல்லிடலாம். டிராபிக்ல நிக்கும்போது ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கினா, காத்துக் குறைவு. ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்க. நின்னா ஒண்ணுமில்லை, பைபாஸ்ல விரட்டும்போது ஏறுதுன்னா காத்து தாராளமா இருக்கு, தண்ணி ஓட்டம் பத்தலை. ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே, பாரமே இல்லாம ஏறினா, தண்ணியே இல்லை, அல்லது வால்வு மாட்டிக்கிச்சு, அல்லது நிஜமாவே கேஸ்கட். மலையேற்றம்தான் கொடுமை. இன்ஜின் முழுச் சக்தியும் கொடுக்கும், வண்டியோ மணிக்கு 15, 20 கிலோமீட்டர்லதான் ஊரும். முன்னாடி இருந்து காத்து அடிக்காது. எங்கே சின்னக் குறை இருந்தாலும் மலை அதைக் காட்டிக் கொடுத்துடும்.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 300 மீட்டர் ஏறினா தண்ணி கொதிக்கிற சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஆயிரம் மீட்டரில் 97 டிகிரி பக்கமே கொதிச்சிடும். குக்கர் இல்லாம எங்க ஊர்ல பருப்பு வேக வச்சவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடி மாதிரிதான். அதுல இருக்கிற ஸ்பிரிங்கும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைக் கட்டி வச்சு, தண்ணியைக் கொதிக்க விடாம 110, 115 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்க வைக்கும். மூடி ரப்பர் காஞ்சு போச்சுன்னா, குக்கர் கேஸ்கட் போன மாதிரி எல்லாம் ஆவியாப் போயிடும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா பென்ஸ் ரெண்டு பையன்களைக் கூட்டிக்கிட்டு, மன்ஹைம்ல இருந்து பிஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல மோட்டார் வண்டியில் போனாங்க. உலகத்தின் முதல் நெடும் பயணம்னு அதைச் சொல்றாங்க. அந்த வண்டியில் இப்ப இருக்கிற மாதிரி ரேடியேட்டர் கிடையாது. தண்ணி கொதிச்சு ஆவியாப் போறதுதான் குளிர்ச்சி. வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்தணும். ஏற்றம் வந்தா இறங்கித் தள்ளணும். 1901ல் மெர்சிடஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு மாதிரி 8,070 சின்னக் குழாய் வச்சு ரேடியேட்டர் செஞ்ச பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. நான் வடகாட்டுப் பக்கம் அஞ்சு லிட்டர் கேனோட நின்னப்ப, 1888லேயே நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்!

நோட்டுக்கு வர்றேன். அதுல ரெண்டு விஷயம் வித்தியாசமா இருந்தது.

பழனி ரோட்டில் பாரத்தோட 60ல் போனா முள் அசையலை. இறக்கத்தில் ரெண்டாவது கியரில் இன்ஜின் கத்திக்கிட்டுதான் இறங்கும், அப்பவும் முள் அசையலை. இறக்கத்தில் டீசல் எரியறதில்லை, சூடும் இல்லை, அதனால அது சரி. ஆனா இன்னொண்ணு. லாரி மாமா ஒரு நாள் கூடவே வந்தார். கொஞ்சம் தணிவான ஏற்றம் ஒண்ணுல, "இப்ப மூணாவதுல போடு, மெதுவா இழுக்கட்டும்"னார். இழுத்தது. முள் ஏறாம நின்னுச்சு. மறுநாள் அதே ஏற்றம், அதே பாரம், அதே நேரம். "இப்ப ரெண்டாவதுல போடு, நல்லாச் சுத்தட்டும்"னார். முள் ஏறிச்சு.

அவர் சிரிச்சார். "கேஸ்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு விளங்கலை. வண்டியில் உட்கார்ந்தபடியே விளக்கினார். ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜினோட சேர்ந்து சுத்துறது. இன்ஜின் வேகமாச் சுத்தினா காத்தும் கூட வரணும், தண்ணியும் கூட ஓடணும். ஏற்றத்தில் கியரைக் குறைச்சு ஓட்டினா சூடு குறையணும், அதுதான் நியாயம். எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்வாங்க. இங்க தலைகீழா இருக்கு. "வேகமாச் சுத்தினா தண்ணி கூட ஓடுறதுக்குப் பதிலா குறையுது மாப்ள. எங்கயோ மூச்சடைக்குது."

முதலில் பெல்ட்டைப் பார்த்தோம். வேகத்தில் பெல்ட் வழுக்கினாலும் இதே குறி காட்டும். ஆனா வழுக்கின பெல்ட்டு உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும், கீச்சுனு கத்தும். இது ரெண்டும் இல்லை, அழுத்திப் பார்த்தா தொய்வும் சரியா இருந்தது. கேஸ்கட்டையும் சும்மா வாய்வார்த்தையா விடலை. காலையில் இன்ஜின் பச்சைத் தண்ணியா இருக்கும்போது மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினோம். கேஸ்கட் போயிருந்தா எரியிற காத்து தண்ணிக்குள்ள புகுந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் விடாம வந்துக்கிட்டே இருக்கும். மேல் ஓஸ் ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துலயே கல்லு மாதிரி இறுகும். ஆயில் குச்சியை உருவினா பால்காப்பி நிறத்தில் வரும். மூணும் இல்லை. 28,000 ரூபாய் அந்த இடத்திலேயே மிச்சம். ஆனா அப்ப நான் சந்தோஷப்படலை, நோய் இன்னும் கிடைக்கலையே.

அப்புறம் இன்ஜினை நல்லாச் சூடாக்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வச்சோம். "எல்லாப் பட்டறையிலயும் வண்டிய ஆற வச்சுட்டு, ஐடில்ல விட்டுட்டுப் பாப்பான். நோய் வர்றப்ப பாக்கணும்"னார். அக்கா மகன் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிச்சான். "இன்னும்... இன்னும்..." ஃபேன் பக்கம் கை, துண்டு எதுவும் போகாம நானும் மாமாவும் ஓரமா நின்னு டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தோம்.

கீழ் ஓஸ் சப்பையா ஒட்டிக்கிச்சு.

இளநியை உறிஞ்சி முடிக்கும்போது ஸ்ட்ரா ஒட்டுமே, அச்சு அசலா அதே மாதிரி. மிதியை விட்டதும் புடைச்சுக்கிட்டுப் பழையபடி உருண்டையாயிடுச்சு. திரும்ப மிதிக்கச் சொன்னோம், திரும்ப ஒட்டிச்சு. அவனை இறங்கச் சொல்லி நான் மிதிச்சேன், அவன் பார்த்தான். எங்க வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா?"ன்னாங்க.

இவ்வளவுதான். ரேடியேட்டர் அடியில் இருந்து ஆறின தண்ணியை வாட்டர் பம்ப் உறிஞ்சுற வழி அந்தக் கீழ் ஓஸ். மேல் ஓஸ்ல தண்ணி தள்ளிக்கிட்டு வரும், அது வீங்குமே தவிர ஒட்டாது. கீழ் ஓஸ்லதான் உறிஞ்சல். அதனாலதான் பழைய வண்டிகள்ல கீழ் ஓஸுக்குள்ள ஒரு சுருள்கம்பி வச்சிருப்பாங்க, உறிஞ்சினாலும் சுவர் ஒட்டாம இருக்க. எல்லா வண்டிக்கும் இருக்கணும்னு இல்லை. சுவரே கெட்டியா, வளைவோட வார்த்து வர்ற ஓஸுக்குக் கம்பி தேவைப்படாது. என் வண்டிக்கு அதுக்கு முந்தின வருஷம் ஒரு ஓஸ் வெடிச்சுது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் அளவுக்கு ஒரு ரப்பர் குழாயை வெட்டி மாட்டி அனுப்பினாங்க. பழைய ஓஸோட கம்பியும் குப்பைக்குப் போயிடுச்சு. புதுசா இருந்த வரைக்கும் ரப்பர் விறைப்பா நின்னுச்சு. ஒரு வருஷம் வெந்து வெந்து தளர்ந்ததும், சூட்டில் வேகமா உறிஞ்சினா ஒட்ட ஆரம்பிச்சிருக்கு.

அது மட்டும்தானான்னா, இல்லை. மூடி ரப்பர் வெடிச்சுப் போயிருந்தது. உள்ளே அழுத்தம் நின்னிருந்தா அது ஓஸை உள்ளே இருந்து தாங்கிப் பிடிச்சிருக்கும். அழுத்தம் இல்லாததால் உறிஞ்சலுக்கு எதிர்ப்பே இல்லை. ரேடியேட்டரையும் இறக்கினோம். பாதிக்குக் கீழே வலது பக்கம் குழாயெல்லாம் வெள்ளையா படிஞ்சு அடைச்சிருந்தது. முன்னாடி வச்சிருந்தவர் கீழ்நாட்டு போர் தண்ணியை ஊத்தி ஓட்டியிருக்கார். பருப்பு வேகாத தண்ணி. வெந்நீர்ப் பானையில் படியுமே அதே சுண்ணாம்பு. எங்க மலையில் சுனைத் தண்ணி பருப்பு வேகுற தண்ணிதான். ஆனாலும் வெறும் தண்ணி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வழி அடைக்க அடைக்க, பம்ப் இன்னும் பலமா உறிஞ்சணும். ஓஸ் இன்னும் ஒட்டும். மூணும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டிருக்கு. தனித்தனியா வந்திருந்தா எதுவுமே முள்ளை அசைச்சிருக்காது.

ஒட்டன்சத்திரத்தில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யுற ஒரு தம்பி இருக்கார். மேல் தொட்டியைப் பிரிச்சு, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிசா கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணி, திரும்பப் பத்த வச்சுக் கொடுத்தார். பித்தளை ரேடியேட்டரா இருந்ததால் முடிஞ்சுது. இப்ப வர்ற அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்த ரேடியேட்டர்ல இந்த வேலை பெரும்பாலும் நடக்காது, மாத்தத்தான் வேணும். சுருள்கம்பி வச்ச ஓஸ், புது மூடி, கிளிப், கூலன்ட், அவர் கூலி எல்லாம் சேர்த்து 3,450 ரூபாய். கூலன்டைச் சுத்திகரிச்ச தண்ணியில் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினோம். நிறத்துக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை. டப்பாவில் என்ன எழுதியிருக்குன்னு பார்த்து ஒரே வகையா ஊத்தணும், ரெண்டைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் வால்வைப் பத்திரமா இருந்த இடத்திலேயே மாட்டினோம்.

முதல் நடை எரு மூட்டையோட ஏறினேன். அக்கா மகன் நோட்டோட. புளியமரம், பாதி. சின்னப் பாலம், பாதி. அணைக்கட்டுப் பக்கம், பாதி. நாங்க நின்ன அந்த இடம் வந்தது, ரெண்டாவது கியர், பாதி. அவன் எழுதுறதை நிறுத்திட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

இதைப் படிக்கிற உங்கள்ல நிறையப் பேர் கொடைக்கானலுக்கோ தாண்டிக்குடிக்கோ வருஷத்துக்கு ஒரு தடவை பழைய காரை ஓட்டிட்டு வர்றவங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழட்டி ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்க. கீழ் ஓஸைப் பிசைஞ்சு பாருங்க. இட்லி மாவு மாதிரி அமுங்கினா மாத்திடுங்க. வழியில் முள் ஏறினா ஏசியை அணைங்க. வெந்நீர் ஹீட்டர் இருக்கிற கார்ல அதை முழுசாத் திறந்து விட்டா கொஞ்சம் சூடு குறையும், நீங்க வெந்தாலும் இன்ஜின் பிழைக்கும். எங்க பிக்கப்ல அதுவும் கிடையாது. ஓரங்கட்டி நிறுத்தினா அரை மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதீங்க. பச்சைத் தண்ணியை ஒரேயடியா கவிழ்க்காம, ஆறின பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. காய்ஞ்சு சிவந்த இரும்பில் தண்ணி பட்டா விரிசல் விடும். அந்தி நேரம்னா வண்டிக்குள்ளேயே இருங்க. காட்டு ரோட்டில் செல்ஃபி வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட நான் ஒண்ணும் போய்ச் சொல்லலை. ஊருக்குள்ள எப்படியும் தெரிஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் வாசல்ல நின்னு, "தம்பி, வண்டி இப்ப நல்லா ஏறுதாமே"ன்னாங்க. ஏறுதுக்கான்னேன். குழந்தைக்கு மாசியில் பழனியில் மொட்டை. போகவர வண்டி வேணும்னாங்க. டீசல் மட்டும் அவங்க போடுறதா பேச்சு.

அந்தச் சப்பை ஓஸை லாரி மாமா வாங்கிட்டுப் போயிட்டார். நெடுக்குல வெட்டி, மாட்டுக்கொட்டகைப் படலுக்குக் கீலா அடிச்சிருக்கார். அங்க நல்லாத்தான் மடங்குது.